நீண்ட காலப் பராமரிப்பு முடிந்ததும் தோன்றும் விடுதலை உணர்வு அன்புக்குச் செய்யும் துரோகமா?

கேள்வி:

வணக்கம். மறதி நோயுடன் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்த என் தாயார் நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். கடைசி ஆறு ஆண்டுகள் நான் ஒருவனே அவருடன் இருந்து பார்த்துக்கொண்டேன். இரவில் எழுந்து வெளியே சென்றுவிடுவார் என்ற அச்சத்தால், வாசற்கதவின் உச்சியில், அவருடைய கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தியிருந்தேன். பெரும்பாலான இரவுகளில் மூன்று மணியளவில் அவர் அந்தக் கதவருகே நின்று, மேலே நிமிர்ந்து பார்க்கத் தோன்றாமல், கைப்பிடியை மட்டும் இழுத்துக்கொண்டே, "வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாற்பது ஆண்டுகளாக அவர் வாழ்ந்த வீடு அதுதான்.

எல்லாம் முடிந்த அன்றிரவு, ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக நான் இடையில் விழிக்காமல் உறங்கினேன். காலையில் கண் திறந்தபோது முதலில் தோன்றியது துயரம் அன்று. தோளிலிருந்து ஏதோ இறங்கியது போன்ற இலேசான உணர்வு. அடுத்த சில நொடிகளில் அழுகை வந்துவிட்டது என்றாலும், அந்த வரிசையை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்படியானால் நான் அவரை நேசித்ததைவிடச் சுமந்ததுதான் அதிகமா?

இன்னொன்றும் உண்டு. கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் என்னை "அண்ணா" என்றே அழைத்தார். நான் யார் என்பதே தெரியாத ஒருவருக்கு நான் கொடுத்த அன்பு எங்கே போய்ச் சேர்ந்தது? நினைவு போன பிறகு, அதைப் பெற்றுக்கொள்ள உள்ளே யாராவது இருந்தார்களா?

முதல் மறுமொழி:

ஆழ்ந்த இரங்கல், ஐயா. என் கணவரை நான் இதே நோயில் இழந்தேன். அந்த முதல் காலையின் இலேசு எனக்கும் வந்தது. யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. ஆறு ஆண்டுகள் உடைந்த உறக்கத்தோடு இருந்த உடல், ஓர் இரவு முழுமையாக உறங்கியதும் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொண்டது. அதற்கு மனத்தின் ஒப்புதலை அது கேட்கவில்லை.

இரண்டாம் மறுமொழி:

நீங்கள் கூறும் வரிசையைச் சற்று வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்புக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டினார். பின்னர் அதன் மறுபக்கத்தையும், அதாவது உடலால் அருகில் இருந்துகொண்டே மனத்தால் விலகிச் செல்பவரை இழப்பதையும், அதே பெயரில் சேர்த்தார்; மறதி நோயாளியின் குடும்பத்தார் வாழ்வது இந்த இரண்டாம் வகைக்குள்தான். இதில் துக்கத்திற்குத் தொடங்கும் நாள் கிடையாது. இரங்கல் சொல்ல யாரும் வருவதில்லை, ஏனென்றால் ஆள் எதிரிலேயே அமர்ந்திருக்கிறார்.

"அண்ணா" என்று அவர் முதன்முறை அழைத்த நாளை நினைத்துப் பாருங்கள். அன்று நீங்கள் அழவில்லையா? உங்கள் துக்கம் அந்த இலேசான உணர்வுக்குப் பின்னால் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது பல ஆண்டுகள் முன்னாலேயே வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் மறுமொழி:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்ற அளவில் விடை சொல்கிறேன். நாம் 'நினைவு' என்று ஒற்றைச் சொல்லால் குறிப்பது உண்மையில் ஒரே பொருள் அன்று. நேற்று யார் வந்தார், என்ன பேசினோம் என்பன போன்ற நிகழ்வுகளைப் பதிவதற்கு மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி இன்றியமையாதது. மறதி நோய் வகைகளுள் ஒன்றான அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் பயம், இதம், பழக்கம் ஆகியவை வேறு பாதைகளிலும் தங்குகின்றன.

1911இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் எடுவார் கிளாபரேட் ஒரு சோதனையைப் பதிவு செய்தார். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண் நோயாளியுடன் கைகுலுக்கும்போது, விரல்களுக்கிடையே மறைத்து வைத்திருந்த ஊசியால் அவரைக் குத்தினார். பின்னர் அவர் மீண்டும் கை நீட்டியபோது, குத்தியதைப் பற்றி எந்த நினைவும் இல்லாத அந்தப் பெண் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணுக்காக வலிக்கும். குத்திய கையை நினைவின்றியே உடல் அறியுமானால், தலைவாரிவிட்ட கையையும் அது அறியாதா?

இது வெறும் ஆறுதல் மொழி அன்று. ஹிப்போகாம்பஸ் சிதைந்தவர்களுக்குச் சோகக் காட்சிகளைக் காட்டி 2010இல் அயோவா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, பார்த்தது என்ன என்பதை அவர்கள் மறந்த பின்னும் துயரம் நீடித்தது. அல்சைமர் நோயாளிகளை வைத்து 2014இல் செய்த ஆய்விலும், சோகம் மட்டுமன்றி மகிழ்ச்சியும் அவ்வாறே காட்சியின் நினைவைத் தாண்டி நிலைத்தது. உங்கள் பெயர் அவரிடமிருந்து போன பிறகும், நீங்கள் அன்று அவரை எப்படி நடத்தினீர்கள் என்பது அவருக்குள் ஏதோ ஒரு வடிவில் தங்கியிருந்தது என்று நம்புவதற்கு இடம் உண்டு. தன்னுணர்வு முழுவதையும் நினைவு என்ற ஒரே தூணின் மேல் நிறுத்தி, அது சாய்ந்ததும் ஆளே இல்லை என்று முடிவு கட்டுவது பிழை.

நான்காம் மறுமொழி:

மேலே உள்ள மறுமொழிகள் அனைத்தும் கனிவானவை. எனினும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் மனத்தை உறுத்துவது அந்தக் காலை மட்டும் அன்று, அந்தத் தாழ்ப்பாளும்தான் என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது. ஒருவரின் பாதுகாப்புக்காக அவருடைய சுதந்திரத்தை நாம் எடுத்துக்கொண்டோம். வேறு வழி இல்லாதிருந்தாலும் அதன் எடை நம்மீது இருக்கத்தான் வேண்டும். அதை அவசரமாகத் துடைத்துவிட வேண்டாம்.

'வீடு' என்னும் சொல் 'விடு' என்ற வினையடியிலிருந்து வந்தது. குடியிருக்கும் இல்லத்தையும் குறிக்கும், பற்றெல்லாம் நீங்கிய விடுதலையையும் குறிக்கும். உங்கள் தாயார் எதைக் கேட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கதவின் உட்புறத்தில் நின்றவர்கள் இருவர்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நான்காம் மறுமொழியை இரண்டு நாட்கள் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு செய்தியை என் கேள்வியில் எழுதாமல் விட்டுவிட்டேன். அவர் ஓயாமல் கைப்பிடியை இழுத்த சில இரவுகளில், நானே தாழ்ப்பாளை நீக்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடத்திச் செல்வேன். திரும்பி வரும்போது எங்கள் கதவை வெளியிலிருந்து பார்த்ததும், "இதோ, வந்துட்டோம்" என்று அவரே சொல்லி, என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். எந்த அண்ணனுடன் அவர் நடந்தார் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

தாழ்ப்பாளை இன்னும் கழற்றவில்லை. நேற்றிரவு மூன்று மணிக்கு வழக்கம்போல் விழிப்பு வந்தது. எழுந்து, அதை நீக்கி, தெருமுனை வரை தனியே நடந்துவிட்டு வந்து படுத்தேன்.