ப்ளூஸிலும் ஜாஸிலும் எதைப் புதுமை என்பது?

நீலப்பறவை:
பன்னிரண்டு பார் (தாள ஆவர்த்தனம் போன்ற அளவு), மூன்று கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு). ப்ளூஸ் என்றால் இன்றும் பெரும்பாலும் இதுதான். ஆட்கள் மாறுகிறார்கள், சட்டகம் மாறுவதில்லை. வடிவத்தை உடைத்தால்தான் புதுமை என்பது என் கட்சி. 1959 நவம்பரில் ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசிக்க வந்தபோது குழுவில் கார்ட் பிடித்துக் கொடுக்கும் பியானோவே கிடையாது. சோலோ (தனி வாசிப்பு) வாசிப்பவர் கார்ட் வரிசைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மற்றவர்கள் செய்ததை நல்ல வாசிப்பு என்பேன். நல்ல வாசிப்பு எனக்கும் உயிர்தான், ஆனால் அதைப் புதுமைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

தாமிரபரணியான்:
நண்பரே, சட்டகத்தைத் தொடாமலே இசையைத் தலைகீழாகப் புரட்டலாம். ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மாங்கின் 'ஸ்ட்ரெயிட், நோ சேசர்' (1951) பன்னிரண்டு பார் ப்ளூஸ்தான். மெட்டு என்று பார்த்தால் ஒரு சின்னத் துணுக்கு, அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார். ஆனால் அதன் எடுப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, முடிப்பும் ஒருமுறை நீள்கிறது, ஒருமுறை குறைகிறது. காலால் தாளம் போட்டபடி கேளுங்கள், சமம் எங்கே என்று தடுமாறுவீர்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

மெட்டுக்காரி:
மாங்க் வரைக்கும்கூடப் போக வேண்டாம். சிகாகோவில் லிட்டில் வால்டர் மௌத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்துக் கைக்குள் பொத்திப் பிடித்து, ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து வாசித்தார். உள்ளங்கை இறுக இறுக ஒலி தடித்துக் கரகரக்கும், கொஞ்சம் திறந்தால் தெளியும். சட்டைப் பையில் அடங்கும் கருவி சாக்ஸபோன் கனத்துக்குப் பேசியது. 1952-இல் அவருடைய 'ஜூக்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பாட்டே இல்லை, வெறும் வாசிப்பு!

நீலப்பறவை:
அது மின்சாரம் செய்த வேலை. தான் வால்டருக்கு முன்பே மைக்கில் வாசித்ததாக இன்னொரு மௌத் ஆர்கன்காரர் ஸ்னூக்கி பிரையர் சொல்லியிருக்கிறார். கருவி மாறினால் இசை மாறிவிட்டதாக அர்த்தமா?

மெட்டுக்காரி:
யார் முதலில் என்பது எனக்கு முக்கியமில்லை. கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று மைக் பிடிப்பவர்கள் இருந்தார்கள். வால்டர் மைக் இல்லாமல் பிறக்கவே முடியாத ஒரு வாசிப்பைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதைத்தான் பாடமாகப் படித்தார்கள்.

தாமிரபரணியான்:
இன்னொன்று. நீங்கள் கொண்டாடும் கோல்மன் அதே 1959-இல் வெளியிட்ட 'டர்னரவுண்ட்' பன்னிரண்டு பார் ப்ளூஸ்தான். உடைக்கத் தெரிந்தவரே அதை வேண்டும் என்று வைத்துக்கொண்டார். மறுபக்கம் கிதாரோடு பாடும் ப்ளூஸ்காரர் ஜான் லீ ஹூக்கரின் 'பூகி சில்லன்' (1948): கிட்டத்தட்ட ஒரே கார்ட், காலால் தரையில் தட்டும் சத்தம், பார் எண்ணிக்கை அவர் இஷ்டம். அவர் எந்தச் சட்டகத்தை உடைத்தார்? பன்னிரண்டு பாருக்குள் வராத ப்ளூஸ் மிசிசிப்பி டெல்டா வட்டாரத்தில் அதற்கு முன்பே இருந்தது. ஆகவே உடைத்தாரா இல்லையா என்று பார்ப்பதே தவறான அளவுகோல்.

நீலப்பறவை:
சரி, நீங்கள் இருவரும் சொன்ன எல்லாமே 1960-க்கு முந்தியவை. அப்புறம்? பழைய சோலோவைச் சுரம் பிசகாமல் வாசித்துக் கைதட்டல் வாங்குவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

மெட்டுக்காரி:
டெட்ராய்ட்டின் ஜே டில்லா, ஹிப்-ஹாப்புக்குத் தாளம் அமைத்தவர். டிரம் மெஷின் தட்டுகளைத் தானாகவே நேராக்கித் தரும். அவர் பல இடங்களில் அந்த வசதியை ஒதுக்கினார், சில தட்டுகளை வேண்டுமென்றே இடம் தள்ளியும் வைத்தார். ஒரு தட்டு கொஞ்சம் முந்தும், இன்னொன்று பிந்தும், ஆனாலும் தாளம் விழாது. பிறகு ஜாஸ் பியானோக்காரர் ராபர்ட் கிளாஸ்பர் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் டேவ் போன்றவர்கள் அந்தத் தள்ளாட்டத்தைக் கையால் வாசிக்கப் பழகினார்கள். ஜாஸின் ஊசலாடும் ஸ்விங் தாளமும் இல்லை, நேர் தாளமும் இல்லை, நடுவில் ஓர் இடம்.

நீலப்பறவை:
டில்லா ஹிப்-ஹாப்காரர். வெளியிலிருந்து கடன் வாங்கினால் அது ஜாஸின் புதுமையாகுமா?

தாமிரபரணியான்:
1947-இல் ஜாஸ் ட்ரம்பெட்காரர் டிஸி கில்லெஸ்பி கியூபாவின் சானோ போசோவைக் கொங்கா என்ற கைமேளம் வாசிக்கத் தன் குழுவில் சேர்த்தார். அதை ஜாஸ் வரலாற்றிலிருந்து நீக்கிவிடலாமா?

நீலப்பறவை:
நீக்க மாட்டேன். கிளாஸ்பரையும் கேட்டிருக்கிறேன். அடியில் ஓடும் தாளம் புதிதாகத்தான் இருக்கிறது. அதன் மேல் வரும் பியானோ சோலோ, 1960-களில் ஹெர்பி ஹான்காக் வாசித்ததிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது? அதை யாராவது ஒரு பதிவை வைத்துக் காட்டுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன்.