நம் வளவு வீட்டை வீடாகவே காட்டிய படமோ தொடரோ இருக்கிறதா?

பள்ளத்தூர் பேத்தி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் சிங்கப்பூரிலிருந்து பள்ளத்தூருக்கு வந்திருக்கிறார்கள். பெரியவனுக்கு 12 வயது, சின்னவளுக்கு 9. பகலில் வெயில் தாங்காது. இரவு பலகாரம் ஆனதும் எல்லோரும் பட்டாசாலையில் பாயை விரித்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். நம் செட்டிநாட்டு வளவு வீடுகள், அதாவது நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பெரிய வீடுகள், வருகிற படமாகப் பார்ப்போமே, பிள்ளைகளுக்கும் பெருமையாக இருக்குமே என்று போன வாரம் அடுத்தடுத்து மூன்று படம் போட்டேன். மூன்றிலும் தேக்குத் தூண், பளிங்குத் தரை, முகப்பு எல்லாம் அசல் நம் வீடுதான். ஆனால் மூன்றிலும் அந்த முகப்புப் படியில் இறங்கி வருகிறவன் ஊரை அடித்து உலையில் போடுகிறவன். ஒரு படத்தில் தூணிலேயே ஆளைக் கட்டிவைத்து அடிக்கிறான். மூன்றாம் நாள் சின்னவள் சுவரில் இருக்கும் பாட்டையா படத்தைப் பார்த்துவிட்டு, "இவரும் இப்படித்தான் அடிப்பாரா?" என்று கேட்டாள்.

அப்பத்தாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பாட்டையா பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகும் சிறுவனாக, பர்மாவுக்குப் போய், மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, கடைசியில் ஏஜண்டாகி மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு இது. அதில் யாரும் யாரையும் கட்டிவைத்து அடித்ததில்லை.

அதனால் கேட்கிறேன். ஜமீன் வீடாகவும் வில்லன் வீடாகவும் இல்லாமல், மனிதர்கள் குடியிருக்கும் இடமாக நம் ஊரையும் வீட்டையும் காட்டிய படமோ தொடரோ எது? வீட்டில் அப்பத்தா முதல் சின்னவள் வரை உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

தேவகோட்டை மருமகள்

யோசிக்கவே வேண்டாம் ஆச்சி, நாதஸ்வரம் போடுங்கள். திருமுருகன் மெட்டி ஒலிக்கு அப்புறம் இயக்கியது, சன் டிவியில் 2010இலிருந்து 2015 வரை வந்தது. கதை நடப்பதே காரைக்குடியில். நாதஸ்வர வித்வான் சொக்கலிங்கமாக மௌலி, மகன் கோபியாக திருமுருகனே. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், வந்த புதிதில் அயித்தையோடு பேச ஒன்றுமே இருக்காது, சாயங்காலம் இந்தத் தொடர் வரும்போதுதான் இரண்டு பேரும் பக்கத்தில் உட்காருவோம். மௌலி வாய் திறக்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவார் பாருங்கள், அயித்தை உடனே "உங்க மாமனாரும் இப்படித்தான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்குள் பேச்சு வந்ததே அப்படித்தான்.

பணம் இல்லாத வீட்டில் ஒரு கல்யாணம் பேசினால் எத்தனை பேர் தூங்காமல் கிடப்பார்கள் என்பதை அவசரமே இல்லாமல் காட்டுவார்கள். பெரிய வீட்டு ஜம்பம் கிடையாது.

ஆனால் மொத்தம் 1300 பகுதிக்கு மேல். நாளுக்கு மூன்று பார்த்தாலும் ஒரு வருஷம் போதாது, பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். 1000ஆவது பகுதியை மட்டும் முதலில் காட்டுங்கள். 2014 மார்ச் 5 அன்று நேரலையாகவே நடித்து ஒளிபரப்பினார்கள், 23 நிமிடத்துக்கு மேல், வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. கின்னஸில் ஏறியது. யாராவது வசனம் மறந்தால் அவ்வளவுதான், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்று அயித்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கடைசி வரை கையைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். கதை தெரியாத பிள்ளைகளுக்கும் அந்தப் பதற்றம் புரியும்.

கானாடுகாத்தான் மேலத்தெரு

நாதஸ்வரம் நல்ல தொடர், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி வளவு வீட்டைப் பற்றியது. அந்தத் தொடர் காட்டியது காரைக்குடித் தெருவையும் அங்கே இருக்கும் நடுத்தரக் குடும்பத்தையும். இரண்டும் வேறு.

என்னைக் கேட்டால் கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன், 2000இல் வந்தது, ராஜீவ் மேனன் படம். நம் பக்கம் எடுத்தது. பாட்டுக்காகவும் நடிகர்களுக்காகவும் எல்லோரும் பேசுவார்கள், எனக்கு அதில் பிடித்தது வேறு. தாத்தா படுக்கையில் கிடக்கிறார், மகளும் பேத்திகளும் பார்த்துக்கொள்கிறார்கள், அவர் போனபின் உயிலைப் பிரித்தால் சொத்து இளைய மகனுக்கு. பார்த்துக்கொண்டவர்கள் வீட்டை விட்டுச் சென்னைக்குக் கிளம்புகிறார்கள். அதுவரை நமக்கு அழகாகத் தெரிந்த அதே தூணும் அதே வெளிச்சமும் அந்த இடத்தில் பார்க்க முடியாததாக ஆகிவிடுகிறது. பங்கு, உயில், சாவி என்று பங்காளிகளுக்குள் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் தொண்டையை அடைக்கும். நான் தியேட்டரில் பார்த்தபோது இவ்வளவு தாக்கவில்லை, பல வருஷம் கழித்து எங்கள் வீட்டு முகப்பிலேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது எல்லாப் படங்கள் மீதும் எனக்கு இருக்கும் குறை. பெரிய வீடு என்றால் ஐம்பது பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அடுப்பில் வெந்த சோற்றைச் சாப்பிடுவது போலக் காட்டுகிறார்கள். நம் வழக்கம் அதுவா? மகனுக்குக் கல்யாணமானால் கொஞ்ச நாளில் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரை, ஒரே வளவு, ஆனால் அவரவருக்கு ஒரு அறை, அவரவருக்கு ஒரு அடுப்பு, அவரவர் கணக்கு. ஆத்தா வீட்டுக் குழம்பு கொதிக்கும் வாசம் வரும், ஆனால் அது அந்தப் புள்ளியின், அதாவது தனி அடுப்பு வைத்த அந்தக் குடும்பத்தின் குழம்பு. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்றால் மட்டும்தான் எல்லோருக்கும் ஒரே சமையல். சேர்ந்தும் இருக்க வேண்டும், தனியாகவும் இருக்க வேண்டும் என்று யோசித்து வைத்த ஏற்பாடு அது, அதில் எத்தனை கதை இருக்கிறது! ஒரு படமும் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

கோட்டையூர் அண்ணன்

மேலத்தெருக்காரர் சொன்ன அடுப்பு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. படக்காரர்களுக்கு வீடு தெரியாது, வெளிச்சம் தெரியும். வளவில் மேலிருந்து விழுகிற வெயில், முகப்பு நிலையில் நின்றால் நேர்க்கோட்டில் பின்கட்டு வாசல் வரை தெரிகிற ஆழம், இதற்காகத்தான் வருகிறார்கள். அதில் தப்பில்லை, எனக்கே திரையில் பார்த்தால் என் வீடா இது என்று இருக்கும்.

எங்கள் வீட்டை ஒரு படத்துக்குக் கொடுத்தோம். எந்தப் படம், எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. பங்காளிகள் ஏழு பேர், வாடகை வந்தால் ஓடு மாற்றலாம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிய சுவர் அது. பாட்டுக் காட்சிக்கு நிறம் பொருந்தவில்லை என்று ஒரு பக்கம் முழுவதும் எமல்ஷன் அடித்துவிட்டார்கள். இப்போது அது தோல் தோலாக உரிகிறது, கீழே இருக்கும் பூச்சையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. டிராலி ஓட்டியதில் ஆத்தங்குடிக் கல் பதினொன்று விரிசல். புதுக்கல் ஆத்தங்குடியிலேயே கிடைக்கும், இன்றும் கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றித்தான் செய்கிறார்கள், ஆனால் எண்பது வருஷம் கால் பட்டு வந்த பளபளப்பு புதுக்கல்லில் வருமா?

அந்தப் படம் டிவியில் வரும்போதெல்லாம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் மட்டும் அந்தச் சுவரைத்தான் பார்ப்பேன். பேத்தி, உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லைதான், ஆனால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: திரையில் தூணில் ஆளைக் கட்டுகிறவன் மாலை ஆனால் வேனில் ஏறிப் போய்விடுவான், வீட்டுக்காரர் விளக்குமாற்றோடு வருவார்.

ரஸ்தா ஐயா

நாம் இருவர் என்று ஒருவரும் சொல்லவில்லையே. அப்பத்தாவோடு பார்ப்பதற்கு அதைவிட என்ன இருக்கிறது? காரைக்குடிக்காரர் ஏ.வி. மெய்யப்பன் போர்க்காலத்தில் சென்னையை விட்டு வந்து தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். ஏவிஎம் என்றால் இன்று எல்லோருக்கும் கோடம்பாக்கம்தான் நினைவு வரும், அது 1948க்கு அப்புறம். நாம் இருவர் இங்கே, நம் மண்ணில் எடுத்த படம். 1947இல், சுதந்திரம் கிடைப்பதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டது. சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று பாரதியார் பாடியதை டி.கே. பட்டம்மாள் குரலில் கேட்க, குழந்தையாக இருந்த கமலா ஆடுகிறார். வராத சுதந்திரத்துக்கு முன்கூட்டியே ஆடிய ஆட்டம் அது.

அதில் வளவு வீடு தேடாதீர்கள். கதை மெதுவாகப் போகும், பேச்சு நாடகம் மாதிரி இருக்கும், பிள்ளைகள் நெளிவார்கள். பாட்டு வருகிற இடங்களை மட்டும் போடுங்கள். இந்த ஊரில் எடுத்தது என்று சொல்லிவிட்டுப் போடுங்கள், அப்போது பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

குன்றக்குடி தம்பி

ஒரு சின்ன விஷயம். நாதஸ்வரத்தை யாரும் வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்காதீர்கள். நான் ஒன்றேகால் வேகத்தில் அறுபது பகுதி பார்த்து, ஒன்றுமே ஒட்டவில்லை என்று விட்டுவிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாதாரண வேகத்தில் போட்டபோதுதான் புரிந்தது, மௌலி பேசாமல் இருக்கிற அந்த நாலு வினாடிதான் காட்சியே.

பள்ளத்தூர் பேத்தி

எல்லோருக்கும் நன்றி. நேற்று 1000ஆவது பகுதி போட்டோம். வெட்டே இல்லாமல் போகிறது என்று பெரியவனிடம் சொன்னதும் கண் கொட்டாமல் பார்த்தான், கேமரா திரும்பும்போதெல்லாம் "இப்ப யாராவது தப்பு பண்ணுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாரும் பண்ணவில்லை. தேவகோட்டை ஆச்சி, எங்கள் அப்பத்தாவும் அந்தத் துண்டு உதறலுக்குச் சிரித்தார்கள்.

மேலத்தெரு அண்ணன் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படித்து முடிப்பதற்குள் அப்பத்தா எழுந்து, பிள்ளைகள் இரண்டு பேரையும் டார்ச்சோடு மூன்றாம் கட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் சாமான் போட்டு வைத்து வருஷக்கணக்காகிறது. சுவரில் புகை படிந்த இடங்களைக் காட்டி, இது பெரிய அயித்தை அடுப்பு, இது என் அடுப்பு, இது ரங்கூனிலிருந்து வந்தவர்கள் போட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, சின்னவள் விரல் விட்டு எண்ணினாள். ஐந்து அடுப்பு. நான் இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், எனக்கு மூன்றுதான் தெரியும். பாட்டையா எந்த அடுப்பில் சாப்பிட்டார் என்று அவள் கேட்டதற்கு, ஊருக்கு வந்தால் முறை வைத்து எல்லா அடுப்பிலும் என்றார்கள் அப்பத்தா.

கண்டுகொண்டேன் சனிக்கிழமை பார்க்கலாம் என்று இருக்கிறோம். இன்று இரவு நாம் இருவர். ரஸ்தா ஐயா, கமலா ஆடும் பாட்டு படத்தின் தொடக்கத்திலா, பாதிக்கு மேலா? சின்னவள் ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுவாள், அதற்குள் போட வேண்டும்.