மூன்று அலை, மூன்று விதமான வார்டு: கடலூர், புதுச்சேரிப் பக்கம் நாம் பார்த்தது

செவிலியர், கடலூர்

"கொரோனா தானா வந்துச்சு, தானா சளிக்காய்ச்சலா அடங்கிடுச்சு" என்று டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை பேசுகிறார்கள். மூன்று அலையிலும் கோவிட் வார்டில் நின்றவள் நான். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியவில்லை. ஒவ்வொரு அலையிலும் ஆட்கள் பிழைத்ததற்கும் இறந்ததற்கும் காரணம் வேறு வேறு. நான் பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

முதல் அலை எங்கள் மாவட்டத்துக்குக் கோயம்பேட்டிலிருந்து வந்தது. 2020 மே தொடக்கத்தில், மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்கள் லாரி பிடித்து ஊர் திரும்பினார்கள். சில நாளிலேயே கடலூர் கணக்கு நூற்றுக்கணக்கில் ஏறியது. வந்தவர்களில் பெரும்பாலோர் உழைத்து உரமேறிய உடம்புக்காரர்கள், காய்ச்சல்கூட இல்லை. அந்த மாதம் எங்கள் வார்டில் இறப்பு குறைவாக இருந்ததற்கு எங்கள் வைத்தியம் காரணமில்லை, அவர்கள் வயதுதான் காரணம்.

ஜூலை, ஆகஸ்டில்தான் வீட்டுப் பெரியவர்கள் வர ஆரம்பித்தார்கள். சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள். நல்லவேளையாக அதற்குள் ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு முடிவு வந்தது. டெக்ஸாமெத்தசோன், பல வருஷமாக எங்கள் மருந்து ட்ராலியில் கிடக்கிற மலிவான ஸ்டீராய்டு. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருப்பவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் அது குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள், பின்னால் வரும். கூடவே, முடிந்தவர்களைக் குப்புறப் படுக்க வைக்கவும் பழகிக்கொண்டோம். ஜூனில் வந்தவருக்கும் செப்டம்பரில் வந்தவருக்கும் கிருமி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் செப்டம்பரில் வந்தவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். ஒரே அலைக்குள் நடந்த இந்த மாற்றத்தை யாரும் பேசுவதில்லை.

இரண்டாம் அலையில் எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த மருந்து, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம். தெரிந்தும் இழந்தோம். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வந்தது டெல்டா, உருமாறிய கொரோனா. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000க்கு மேல் தொற்று. அப்பா, அம்மா, மகன், மருமகள் என்று வீட்டோடு வந்தார்கள். முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) எழுபதுகளில் இருக்க, போனில் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள். மூச்சு வாங்குவதே அவர்களுக்குத் தெரியாது. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பதிவேட்டில், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களின் சராசரி வயது முதல் அலையில் 50.7, இரண்டாவதில் 48.7. மூச்சுத்திணறலோடு வந்தவர்களும், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களும் கூடியிருந்தார்கள். இருபது வயதுக்குக் கீழ் தவிர எல்லா வயதிலும் இறப்பு விகிதம் ஏறியிருந்தது.

கிருமியின் வேகம் ஒரு பக்கம். ஆக்சிஜன் கணக்கு இன்னொரு பக்கம். ஹை ஃப்ளோ (மூக்கு வழியாக அதிவேகமாக ஆக்சிஜன் செலுத்தும் கருவி) வைத்த ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். பெரிய டி டைப் சிலிண்டரில் இருப்பது சுமார் 7,000 லிட்டர். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. வார்டு முழுக்க இப்படி ஆட்கள் இருக்கும்போது பைப் லைனில் பிரஷர் இறங்கினால், யாருக்கு எவ்வளவு குறைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை எந்தப் பாடப்புத்தகத்திலும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

அதோடு, வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து, காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்கள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருக்கும். சிலர் கோவிட்டிலிருந்து மீண்டு வீட்டுக்குப் போய், கண் வீங்கி, கன்னம் மரத்துத் திரும்பி வந்தார்கள். கரும்பூஞ்சை, ஸ்டீராய்டும் ஏறிய சர்க்கரையும் சேர்ந்த உடம்பில் பிடிக்கிற தொற்று. அதற்கான ஆம்போடெரிசின் ஊசிக்கு மாநிலமே அலைந்த நாட்கள் அவை.

108 ஓட்டுநர், பண்ருட்டி

அக்கா, நீங்க உள்ள பார்த்தீங்க, நான் வெளிய பார்த்தேன். 2020ல ஒரு கேஸ் ஏத்தப் போனா தெருவே கதவைச் சாத்திக்கும். வீட்டு வாசல்ல தகரம் அடிச்சிருப்பாங்க. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா உடனே எடுத்துப்பாங்க.

2021 மே மாசம் அப்படியே தலைகீழ். தெருவுல யாருக்கும் பயம் இல்ல, எல்லார் வீட்லயும் ஒருத்தராவது படுத்திருந்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்லதான் வண்டி வரிசையா நின்னுச்சு. உள்ள ஒரு பெட் காலியாகிற வரைக்கும் என் வண்டி ஆக்சிஜன்லதான் ஆள் உயிரோட இருக்கணும். மீட்டர் முள்ளு இறங்கறதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். கூட வந்த பொண்ணு "அண்ணே, இன்னும் எவ்ளோ நேரம்ணே"ன்னு கேக்கும். என்ன சொல்றது? அந்தப் பேஷன்ட்டுங்கள்ல பல பேர் ரெண்டு மணி நேரம் முன்னாடி பெட்டுக்குப் போயிருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு நான் இன்னிக்கும் நம்புறேன்.

மூணாவது அலையில, 2022 ஜனவரி, நான் ஏத்தினது பிரசவ கேஸ், பைக் ஆக்சிடென்ட். கால் முறிஞ்சு வந்தவருக்கு ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ். அவருக்கே தெரியாது.

லேப் டெக்னீஷியன், வில்லியனூர்

ஓட்டுநர் அண்ணன் சொன்ன கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். கணக்குப் பார்க்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

2020 ஏப்ரலில் வெளியூரிலிருந்து வந்தவர், பாசிட்டிவ் ஆனவரோடு பழகியவர், மூச்சுத்திணறலோடு வந்தவர், இவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஸ்வாப் (மூக்கு, தொண்டை மாதிரி) எடுத்தோம். லேசான தொற்று வந்த எத்தனையோ பேர் கணக்கிலேயே இல்லை. 2022 ஜனவரியில் எங்கள் லேபில் ஸ்வாப் குவிந்தது, ஆனால் ஊரில் பாதிப்பேர் வீட்டு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துவிட்டு, அல்லது எதையுமே பார்க்காமல், மாத்திரை போட்டுப் படுத்துக்கொண்டார்கள். ஆகவே "நூறு பேரில் எத்தனை பேர் இறந்தார்கள்" என்று மூன்று அலையையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. அந்த நூறு யார் என்பதே ஒவ்வொரு முறையும் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கும் நிலையில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் ஓரளவு நியாயமாக இருக்கும்.

லேபில் இருந்தவர்களுக்கு, மூன்றாம் அலையின் உருமாறிய கிருமியான ஒமிக்ரான் வந்தது முதலில் ரிப்போர்ட்டில்தான் தெரிந்தது. கிருமியின் மரபணுக்களில் ஒன்றான எஸ் ஜீனையும் பார்க்கும் கிட்டில் மற்ற ஜீன்கள் வரும், எஸ் மட்டும் வராது. டெல்டாவில் அப்படி இருக்காது. 2021 டிசம்பர் முழுக்க "எஸ் டிராப்" என்ற சொல்தான் எங்கள் வாயில்.

மளிகைக் கடை, கடலூர் முதுநகர்

எனக்குக் கணக்கு தெரியாது. ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது.

என் மச்சானுக்கு 42 வயது. 2021 மே. காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்கு மேல் வீட்டிலேயே, பக்கத்து டாக்டர் கொடுத்த மாத்திரையில் இருந்தார். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற மிஷின் எந்த மெடிக்கலிலும் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் மூன்று மடங்கு விலை. சேர்க்கும்போது ஆக்சிஜன் 78 என்றார்கள். ரெம்டெசிவிர் என்ற கிருமி எதிர்ப்பு ஊசி மருந்து ஆறு பாட்டில் கொண்டுவரச் சொன்னார்கள். நான் சென்னைக்குப் போய்க் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் வரிசையில் நின்றேன். இரவு முழுக்க. எனக்கு முன்னால் நின்றவருக்கு வரிசையிலேயே போன் வந்தது, அவருடைய அப்பா போய்விட்டார் என்று. மருந்து வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்த மறுநாள் மச்சானும் போய்விட்டார். அந்த மருந்து முன்னாடியே கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா, சிஸ்டர்? என் வீட்டில் இன்னும் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஆசிரியர், நெல்லிக்குப்பம்

எல்லாம் சரி. ஆனால் ஒமிக்ரான் லேசான கிருமி என்பது உண்மைதானே? எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் வந்தது, மூன்று நாளில் எழுந்துவிட்டோம்.

செவிலியர், கடலூர்

சார், பாதி உண்மை. ஒமிக்ரான் மூச்சுக்குழாயில் வேகமாகப் பெருகியது, நுரையீரல் திசுவில் அவ்வளவாகப் பெருகவில்லை. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே ஹாங்காங்கில்தான் 2022 பிப்ரவரி, மார்ச்சில் அதே ஒமிக்ரானால் ஆயிரக்கணக்கான முதியவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் தடுப்பூசியை முழுமையாகப் போடாதவர்கள். அங்கே அதற்கு முன் பெரிய அலை எதுவும் அடிக்கவில்லை, ஆகவே வந்து போன தொற்றால் கிடைத்த எதிர்ப்பும் இல்லை. நம் ஊரில் டெல்டா அடித்துப்போட்ட பிறகு, ஊசியும் போட்ட பிறகு ஒமிக்ரான் வந்தது. உங்கள் வீட்டு ஐந்து பேருக்கும் எத்தனை ஊசி என்று எண்ணிப் பாருங்கள்.

ஊசியின் பலனுக்கு வெளிநாடு போக வேண்டாம். டெல்டா அடித்த நேரத்திலேயே நம் தமிழ்நாடு போலீசாரிடம் கணக்கெடுத்தார்கள், 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை. ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். ஒரே வேலை, ஒரே சாலை, ஒரே கிருமி. மூன்றாம் அலையில் என் வார்டில் நாங்கள் இழந்தவர்களும் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்கள், கேன்சர் நோயாளிகள், "இந்த வயசுல எனக்கெதுக்கு ஊசி" என்று வீட்டோடு இருந்துவிட்ட தாத்தா பாட்டிகள்.

போகப் போகக் கிருமி சாதுவாகும் என்று விதி எதுவும் கிடையாது. 1918 ஃப்ளூவிலும் இரண்டாவது அலைதான் முதலாவதைவிடக் கொடூரமாக இருந்தது.

முதுநகர் அண்ணா, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ரெம்டெசிவிர் இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2020 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. நீங்கள் வரிசையில் நின்ற அந்த இரவு அவர் உயிரைத் தீர்மானிக்கவில்லை. 78 என்று வந்தவருக்கு, அது 94க்குக் கீழே இறங்க ஆரம்பித்த நாளிலேயே ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கிடைத்திருந்தால் வாய்ப்பு கூடியிருக்கும். அதைக் காட்டுகிற மிஷின் கடையில் இல்லை, காட்டியிருந்தாலும் அந்த வாரம் பெட் இருந்திருக்குமா என்று ஓட்டுநர் தம்பி எழுதியதைப் படியுங்கள். மருந்து தாமதமாக வந்ததால்தான் போனார் என்று வீட்டில் யாராவது சொன்னால், அது அப்படி இல்லை என்று ஒரு கோவிட் வார்டு நர்ஸ் சொன்னதாகச் சொல்லுங்கள்.