விசிஐ பேப்பர், சிலிக்கா ஜெல் எல்லாம் போட்டும் ஷாஃப்டில் துரு. எங்கே தவறு?

பட்டறை_கோவை:
வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு கிரைண்டிங் பட்டறை நடத்துகிறேன். பம்புக்கான ஷாஃப்ட்தான் வேலை. ஈஎன்8 ஸ்டீல், கடைசி கிரைண்டிங் முடிந்தால் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. போன வருடத்திலிருந்து வட ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளருக்குத் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் அனுப்புகிறோம். பிப்ரவரியில் போன லோடும் ஏப்ரலில் போன லோடும் ஒரு புள்ளி கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தன. நவம்பரில் மழைக்கு நடுவே அனுப்பிய மூன்றாவது லோடில் 40 ஷாஃப்டில் 26 துருப்பிடித்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்த அன்று இரவு தூங்கவே இல்லை.

பேக்கிங் முறை இதுதான்: கழுவித் துடைத்து, அளவு பார்த்து, விசிஐ பேப்பரில் (துரு தடுக்கும் மருந்து பூசிய தாள்) சுற்றி, எட்டு எட்டாகத் தடித்த பாலித்தீன் பையில் வைத்து, 100 கிராம் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்று போட்டு, பை வாயை ஹீட் சீல் செய்து மரப்பெட்டியில் ஆணி அடிப்போம். ஒரு பை கூடக் கிழியவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். பிறகு தண்ணீர் எப்படி உள்ளே போனது? காரணத்தை எழுத்தில் கேட்கிறார்கள், அடுத்த ஆர்டர் அதை வைத்துத்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்சரக்கு:
கன்டெய்னர் மழையாக இருக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு கிளம்பும் பெட்டி குளிர்ந்த கடலுக்குப் போனதும் கூரைத் தகடு முதலில் குளிரும், ஆவி அதில் படிந்து சொட்டுச் சொட்டாகச் சரக்கின் மேல் விழும். மரப்பெட்டி மூடியில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள்.

பட்டறை_கோவை:
பார்த்துவிட்டேன் அண்ணா. மூடி காய்ந்துதான் இருக்கிறது, பையின் வெளிப்புறத்திலும் எந்தத் தடமும் இல்லை. துரு முழுக்கப் பைக்குள்ளேதான்.

ரோலிங்_ஷட்டர்:
ஒன்றும் யோசிக்காதீர்கள். ஜெல்லை ஐந்து மடங்காக்கி, துரு தடுக்கும் எண்ணெயைக் கெட்டியாகத் தடவி அனுப்புங்கள்.

அரிமானம்_76:
எண்ணெய் பற்றி அப்புறம் பேசலாம். காரணம் தெரியாமல் மருந்தைக் கூட்டினால் அடுத்த மழைக்காலத்தில் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள் தம்பி.

"தண்ணீர் எப்படி உள்ளே போனது" என்று கேட்டிருக்கிறீர்கள். அது போகவில்லை. சீல் செய்யும்போதே உள்ளே இருந்தது. துரு பிடிக்கக் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் தேவையில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் இருக்கும் நீராவி எந்த உலோகப் பரப்பின் மேலும் தானாகவே மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும், சில மூலக்கூறு தடிமன்தான் இருக்கும். ஈரப்பதம் கூடக் கூட அது தடிமனாகும். 1920-களிலும் 30-களிலும் இங்கிலாந்தில் வெர்னன் என்பவர் இதைச் சோதித்து, சுமார் 60 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் இரும்பில் துருவின் வேகம் சட்டென்று ஏறுகிறது என்று காட்டினார். அதற்குக் கீழே படலம் இருந்தாலும் மின்வேதி வினை நடக்கும் அளவுக்கு அது போதாது.

அந்த எல்லையும் சுத்தமான பரப்புக்குத்தான். தூசி ஒட்டியிருந்தால் அதன் அடியில் இருக்கும் நுண்ணிய இடுக்கில் ஆவி முன்கூட்டியே திரவமாகிவிடும். உப்பு இருந்தால் இன்னும் மோசம். சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து ஆவியை இழுத்துத் தானே கரைந்து துளியாகும். வியர்வையில் இருப்பதும் அந்த உப்புதானே.

அதனால் துரு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள், காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரியும். பிப்ரவரிக்கும் நவம்பருக்கும் நடுவே பட்டறையில் என்னவெல்லாம் மாறியது என்றும் எழுதுங்கள். சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

பட்டறை_கோவை:
படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன் சார். மூன்று விதம் தெரிகிறது. பெரும்பாலானவற்றில் உடல் முழுக்க ஊசிமுனைப் புள்ளிகள். நான்கைந்தில் விரல் ரேகை அச்சடித்தது போல. பன்னிரண்டில் மட்டும் ஷாஃப்டைத் தாங்கும் மரத் தொட்டில் இருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் செம்பழுப்புப் பட்டை, இரண்டு விரல் அகலம். மரம் தொட்ட இடத்தைவிட அதன் பக்கத்தில்தான் பட்டை அழுத்தமாக இருக்கிறது, அது எனக்குப் புரியவே இல்லை.

மாறியவை: முன்பு தொட்டில் பைக்கு வெளியே பெட்டியோடு சேர்த்து அடித்திருந்தது. பெட்டியைச் சிறிதாக்கினால் சரக்குக் கட்டணம் குறையும் என்று இந்த முறை தொட்டிலோடு சேர்த்துப் பைக்குள் வைத்தோம். மாமரம், புதிதாக அறுத்தது. இன்னொன்று, வாடிக்கையாளர் கேட்டதால் செப்டம்பரில் அளவு பார்ப்பதற்கு ஏசி அறை கட்டினோம். ராத்திரி முழுக்க ஷாஃப்ட் அங்கே 20 டிகிரியில் இருக்கும், காலையில் அளந்து முடித்ததும் பேக்கிங் ஷெட்டுக்கு எடுத்து வருவோம்.

அளவறை:
ஊசிமுனைப் புள்ளிக்கு அந்த ஏசி அறைதான் காரணம் என்று நினைக்கிறேன். அளவறையில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், இது எங்கள் இடத்திலும் நடந்தது. மழை நாளில் உங்கள் ஷெட் 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் அந்தக் காற்றின் பனிநிலை கிட்டத்தட்ட 24 டிகிரி. அதாவது 24-க்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளை அந்தக் காற்றில் வைத்தாலும் அதன்மேல் ஆவி தண்ணீராகப் படியும். உங்கள் ஷாஃப்ட் 20-இல் வருகிறது! ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது போலத்தான், ஆனால் வித்தியாசம் நான்கு டிகிரி மட்டுமே என்பதால் சொட்டாகத் தெரியாது, பளபளப்பு கொஞ்சம் மங்கலாக இருக்கும். பார்ப்பவர் எண்ணெய்ப் பூச்சு என்று நினைத்துப் பேப்பரைச் சுற்றிவிடுவார். கனமான ஸ்டீல் வேறு, அறைச் சூட்டுக்கு வர மணிக்கணக்காகும்.

பிப்ரவரியில் ஏசி அறையே இல்லை, காற்றும் வறண்டது. அதனால் தப்பித்தீர்கள்.

சரி, இதற்கு வழி சுலபம். பேக்கிங்கை அளவறைக்குள்ளேயே செய்யுங்கள். 20 டிகிரி, 50 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 9 கிராம் ஆவி கூட இருக்காது, உங்கள் ஷெட் காற்றில் 22 கிராம் இருக்கும். சீல் செய்த பையை வெளியே கொண்டு வந்தால் வேர்ப்பது பைக்கு வெளிப்பக்கம்தான், அதைத் துடைத்துவிட்டால் போதும். அறையில் ஒரு ஈரப்பதமானி மட்டும் மாட்டுங்கள், ஏசி ஓடினாலே ஈரம் குறைந்துவிட்டது என்று நம்ப வேண்டாம்.

பட்டறை_கோவை:
அக்கா, சொன்னதும் ஞாபகம் வருகிறது. பேக்கிங் பையன் ஒருநாள் "ஷாஃப்ட் புகை படிந்த மாதிரி இருக்குதுங்க" என்று சொன்னான். துடைத்துவிட்டுச் சுற்று என்று நான்தான் சொன்னேன். வெறும் கையால்தான் துடைத்திருப்பான், ரேகை வந்ததும் அங்கேதான் போல. அவன் சொன்னதை அன்றைக்கே நின்று கேட்டிருக்க வேண்டும்.

அரிமானம்_76:
அந்தப் பையனிடம் இதைச் சொல்லுங்கள், நன்றாகக் கவனித்திருக்கிறான். நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

இப்போது பட்டைக்கு வருவோம். கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். உங்கள் பைக்குள் 100 லிட்டர் காற்று என்று வைப்போம். மழைக்காலக் காற்றாகவே இருந்தாலும் அதில் இருக்கும் ஆவி சுமார் 2 கிராம்தான். அதை உங்கள் 100 கிராம் ஜெல் சிரமமில்லாமல் குடித்துவிடும். ஆனால் பச்சை மரத் தொட்டில்? 3 கிலோ மரம், உலர்ந்த எடையில் 25 சதவீதம் ஈரம் என்றால் அதற்குள் 600 கிராம் தண்ணீர். அவ்வளவும் வெளியே வராதுதான், ஆனால் மூடிய பைக்குள் ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது காற்று இல்லை, மரம். ஜெல் எவ்வளவு குடித்தாலும் மரம் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்கும். ஜெல்லை ஐந்து மடங்காக்கச் சொன்ன நண்பருக்கும் இதுதான் பதில், மரம் உள்ளே இருக்கும்வரை பத்து மடங்கும் போதாது.

தொட்ட இடத்தைவிடப் பக்கத்தில் ஏன் அதிகம் என்று கேட்டீர்களே, அதுதான் முக்கியமான தடயம். தண்ணீர் மட்டும் காரணமாக இருந்தால் தொட்ட இடத்தில்தான் முதலில் துரு வரும். மரத்திலிருந்து நீராவியோடு அசிட்டிக் அமில ஆவியும் வருகிறது, நம் வினிகரில் இருக்கும் அதே அமிலம். மரத்தின் வேதி அமைப்பில் இருக்கும் அசிட்டைல் தொகுதிகள் ஈரத்தில் மெல்லப் பிரிந்து அமிலமாகும், சூடும் ஈரமும் கூடினால் வேகமாகும். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் இரும்பின் நீர்ப்படலத்தில் கரைகிறது, அங்கே ஆக்சிஜனும் தாராளமாகக் கிடைக்கிறது. ஓக் மரம் இதற்குப் பேர் போனது, ஓக் அலமாரியில் வைத்த ஈயப் பொருட்கள் வெள்ளைப் பொடியாக உதிர்வது அருங்காட்சியகங்களில் பழைய தலைவலி. அதற்காகவே 1973-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆடி என்பவர் ஒரு சோதனை வகுத்தார். சந்தேகப்படும் பொருளோடு வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளை ஈரமான மூடிய குடுவையில் 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பது. இன்றும் செய்கிறார்கள்.

நீங்களும் எளிதாகச் செய்யலாம். மூன்று ஊறுகாய் பாட்டிலை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் கிரைண்டிங் செய்த ஈஎன்8 துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஒன்றில் கீழே ஈரப் பஞ்சு மட்டும், ஒன்றில் ஈரப் பஞ்சும் அந்த மரத் துண்டும், ஒன்றில் எதுவும் வேண்டாம். ஸ்டீல் எதையும் தொடக் கூடாது. மூடி வெயில் படும் ஜன்னலில் ஒரு வாரம்.

ரோலிங்_ஷட்டர்:
மரப்பெட்டியில் எச்டி முத்திரை இருக்குமே, ஏற்றுமதி மரத்தை எல்லாம் சூளையில் வைத்துத்தானே தருகிறார்கள். பிறகு எப்படி ஈரம்?

அரிமானம்_76:
நல்ல கேள்வி, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த முத்திரை பூச்சிக்கானது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அரை மணி நேரச் சூட்டில் புழு சாகும், மரம் காயாது. ஈரத்தைத் தனியாக அளக்க வேண்டும், முள் குத்திப் பார்க்கும் மீட்டர் போதும்.

பட்டறை_கோவை:
பத்து நாள் கழித்து வருகிறேன். பாட்டில் சோதனை முடிந்தது. காலி பாட்டிலில் இருந்த துண்டு அப்படியே இருக்கிறது. ஈரப் பஞ்சு மட்டும் இருந்ததில் ஐந்தாம் நாள் சில புள்ளிகள். மரம் இருந்ததில் இரண்டாம் நாளே மங்கல், ஏழாம் நாள் மரத்தைப் பார்த்த பக்கம் முழுக்கச் செம்பழுப்பு, படத்தில் பார்த்த அதே நிறம். திறந்தபோது லேசான புளிப்பு வாசனை. மீட்டர் வாங்கிக் குத்திப் பார்த்தேன், தொட்டில் மரத்தில் 27 சதவீதம் காட்டியது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். சிலிக்கா ஜெல் டப்பாவை மாதம் ஒருமுறை வாங்கித் திறந்தே வைத்திருக்கிறார்கள். வெள்ளை மணி என்பதால் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியவில்லை. ஒரு பாக்கெட்டைப் பிரித்து மணிகளை எடை போட்டு, 120 டிகிரி ஓவனில் நான்கு மணி நேரம் வைத்து மறுபடி எடை போட்டேன். 100 கிராம் 79 ஆனது. பைக்குள் போகும் முன்பே குடித்து முடித்திருக்கிறது!

அளவறை:
நிறம் மாறும் மணி வாங்குங்கள், ஆரஞ்சு வகை. தேவையானதை மட்டும் சீல் செய்யும் நேரத்தில் பிரியுங்கள். பையில் ஈரப்பதம் காட்டும் அட்டை ஒன்றும் போட்டால் பிரிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

பட்டறை_கோவை:
விசிஐ பேப்பர் இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். என்ன எழுதுவது?

அரிமானம்_76:
விசிஐயும் ஆவிதான். பேப்பரில் இருக்கும் மருந்து மெல்ல ஆவியாகி, உலோகத்தின் மேல் தண்ணீர் மூலக்கூறு உட்காரும் அதே இடத்தில் போய் உட்காருகிறது. பரப்பு சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் அது முந்திக்கொள்ளும். உங்கள் ஷாஃப்டில் பனியும் உப்பும் முதலிலேயே இடம் பிடித்துவிட்டன, அப்புறம் மரத்திலிருந்து அமிலம் வேறு. இதை அப்படியே எழுதுங்கள், மறைக்க ஒன்றும் இல்லை. பேப்பரில் பூச்சு ஒரு பக்கம்தான் என்றால் அந்தப் பக்கம் உள்ளே வருகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எண்ணெய் கெட்டியாகத் தடவினால் இந்த ஆவி உலோகத்தைத் தொடுவதே கஷ்டம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டறை_கோவை:
ஒரு ரோலைத் திருப்பிச் சுற்றியிருக்கிறார்கள், பார்த்துவிட்டேன். மாற்றியாயிற்று.

பாட்டில் படங்களோடு எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டு பத்து ஷாஃப்ட் மட்டும் சோதனையாகக் கேட்டிருக்கிறார்கள். நைலான் தொட்டில் செய்தாகிவிட்டது, இன்று அளவறையிலேயே பேக் செய்தோம், அறையில் 48 சதவீதம். அதே போல இரண்டு ஷாஃப்ட் போட்ட ஒரு பையைப் பட்டறையிலும் வைத்திருக்கிறேன். பகலில் தகரக் கூரைக்கு அடியில், ராத்திரி தெரிந்தவரின் பழக் குளிர்க்கிடங்கில் என்று 45 நாள் மாற்றி மாற்றி வைக்கப் போகிறேன். பிரித்ததும் படம் இங்கேயே போடுகிறேன்.