படகிலேயே ஆறு நாள் ஸ்கூபா: 16 வயதுப் பெண்ணை அனுப்பலாமா?

காவேரிப்பட்டணத்து அப்பா:
மகளுக்கு 16 வயது. இளையோர் குழு ஒன்றோடு மாலத்தீவுக்குப் போய், ஆறு நாளும் படகிலேயே தங்கி, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபா டைவ் செய்ய வேண்டும் என்று கேட்கிறாள். போன வருடம் புதுச்சேரியில் பயிற்சி முடித்து ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். எனக்குக் கடல் என்றால் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்:
வேண்டாம் அண்ணா. நானும் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன்தான், தண்ணீருக்குப் பயந்து சொல்லவில்லை. கரையிலிருந்து போய் ஒரு டைவ் அடித்துவிட்டுச் சாயங்காலம் அறைக்குத் திரும்புவது வேறு, நடுக்கடலில் ஆறு ராத்திரி கிடப்பது வேறு. மூச்சடக்கத் தெரிந்த பிள்ளைக்குப் புதுச்சேரியே போதும்.

ஓசூர் அக்கா:
தம்பி, மூச்சடக்குவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆபத்தே அதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். கிணற்றுப் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். மூச்சை நிறுத்தவே கூடாது என்பது ஸ்கூபாவின் முதல் பாடம். எனக்கு அது கையில் வரவே நாலு டைவ் ஆனது. ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து டைவ் கிடைப்பது படகில்தான். பழக்கம் அப்படித்தான் ஊறும்.

நான் போன படகில் காலை ஆறு மணிக்கு மணி அடிப்பார்கள். ஏறிய அன்றே செருப்புகளைக் கூடையில் போடச் சொல்லிவிட்டார்கள், ஆறு நாளும் வெறுங்கால்தான். தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு காற்று மிச்சம் வைத்து ஏற வேண்டும் என்று பலகையில் வரைந்து காட்டுவார்கள். சிலிண்டர்கள் இருக்கும் சின்னப் படகுக்கு அங்கே ‘தோனி’ என்று பெயர், நம் தோணி மாதிரியே காதில் விழும். மாஸ்க்கில் எச்சில் துப்பித் தேய்த்து, ஜோடியின் வால்வைத் திறந்து பார்த்து, அப்புறம்தான் குதிப்போம். தன் உயிரை இன்னொருத்தி சரிபார்க்கிறாள் என்பதை 16 வயதில் ஒரு பெண் வேறு எங்கே கற்றுக்கொள்வாள்?

தருமபுரி பி.டி. வாத்தியார்:
அக்கா சொல்வது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். என் அண்ணன் மகன் இதுபோல ஒரு குழுவோடு போனான். மூன்றாம் நாள் சளி. எல்லோரும் இறங்கும்போது தான் மட்டும் மேலே உட்கார வெட்கப்பட்டு மறைத்துவிட்டான். காது அடைத்தது, வலியோடு இறங்கினான், ஒரு மாதம் சரியாகக் கேட்கவில்லை. படகில் ஒளிய இடமில்லை, தனியாகப் பேச ஆளில்லை. இந்த வயதில் கூட்டத்தை மீறி ‘நான் வரவில்லை’ என்று சொல்வது லேசில்லை.

ஓசூர் அக்கா:
ஒத்துக்கொள்கிறேன் சார். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் டைவை நிறுத்தலாம் என்பது விதி. அதைப் பிள்ளைகளுக்குத் தினமும் திரும்பச் சொல்லும் ஆள் படகில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நானும் அனுப்ப மாட்டேன்.

பாலக்கோட்டு அம்மா:
என் பையன் போய்வந்தான். படகில் கடல் நீரை இயந்திரத்தில் நன்னீராக்குவார்களாம், அளந்துதான் செலவு. வந்த மறுநாள் ஒரே வாளியில் குளித்து முடித்துவிட்டான். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன்னால், 2013க்கு முன்பு, ஃப்ளோரைடு தண்ணீரில் பல் கறைபட்டு, நல்ல தண்ணீருக்குக் குடம் தூக்கி அலைந்தவர் என் மாமியார். பேரன் குளிப்பதைப் பார்த்து அவர் கண் கலங்கினார்.

பென்னாகரத்தான்:
அதெல்லாம் நல்லதுதான் அம்மா. ஆனால் ஒன்று நேர்ந்தால் ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம்?

ஓசூர் அக்கா:
நியாயமான கேள்வி, கேட்டே ஆக வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: கடைசி டைவ் எப்போது? தினமும் மூன்று டைவ் என்றால் உடம்பில் நைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகும். அது வெளியேறும் முன்னால் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் உடம்புக்குள் குமிழியாகிவிடும். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். ஊர் திரும்பிய கையோடு ஏற்காடு கூட்டிப்போகாதீர்கள், உயரத்துக்கும் இதே கணக்குதான்.

காவேரிப்பட்டணத்து அப்பா:
ஆஸ்பத்திரி, கடைசி டைவ், சளி பிடித்தால் யாரிடம் சொல்வது. மூன்றையும் நாளைக் காலை குழுவிடம் கேட்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

பென்னாகரத்தான்:
கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள் அண்ணா. நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.