மறு: மறு: ரீரைட் ரூலுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

> ‘திரிபு விதி’ என்றே வையுங்கள். தோன்றல், திரிதல், கெடுதல் என நம் இலக்கணத்திலேயே இருக்கும்போது கடன் எதற்கு?

ஐயா, அழகான சொல்தான். ஆனால் ரீரைட் ரூல் என்பது, கேட்ட இணைய முகவரியைச் சர்வர் தனக்குள்ளேயே வேறொன்றாக மாற்றிக்கொள்ளும் விதி. அதை விளக்கும் நம் கையேட்டைப் படிக்கப்போவது சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைகளில் இணைய விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். ‘முகவரி திரிந்தது’ என்றால் பால் திரிந்த மாதிரி கெட்டுப்போச்சு என்றுதான் நினைப்பார்கள்.

> விக்கிப்பீடியாவில் ‘வழிமாற்று’ இருக்கிறதே அக்கா?

அது ரீடைரக்ட், தம்பி. போன வாரம் ஒரு கடையில் பொருள் பட்டியலை இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள். ‘குத்துவிளக்கு’ என்று முடிந்த முகவரி ‘குத்துவிளக்கு-1’ ஆனது. எந்த முகவரி எங்கே போகவேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் அட்டவணையைத் திறந்தால், பழையது புதியதற்கும் புதியது பழையதற்கும் 301 (‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்ற குறியீடு) போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறது, பிரவுசர் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய்க் கைவிட்டுவிட்டது. பின்காப்பு எடுத்துவிட்டு, தப்பான வரிகளை நீக்கி, மறுபடி உருவாக்கியதும் சரியாச்சு. அந்த 301 வழிமாற்று. பிரவுசரிடமே ‘அங்கே போ’ என்று சொல்வது. அதே அட்டவணையில் இருக்கும் மற்ற வரிகள் சர்வருக்குள்ளேயே வேலையை முடித்துவிடும், முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தும் மாறாது. எனக்குச் சொல் வேண்டியது இதற்கு.

சிராங்கூன் சாலையில் உள்ள தேக்கா சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் புதுச் சந்தைக்குப் பினின் முறையில் (மாண்டரின் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) ‘ஜூஜியாவ்’ என்று பெயர் வைத்தார்கள். யார் வாயிலும் நுழையவில்லை. நாம் தேக்கா என்றோம், டாக்சிக்காரரும் சரியாக அங்கேயே இறக்கிவிட்டார். அதுதான் ரீரைட். 2000-இல் பலகையிலேயே தேக்கா ஆனது வேறு கதை. (தேக்கு மரத்திலிருந்து வந்த பெயர் என்று நேற்று இரண்டு பக்கம் எழுதியவருக்கு: ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் அது ‘மூங்கில் அடி’. தேக்கும் இல்லை, நம் வேர்ச்சொல்லும் இல்லை.)

‘உரலி மாற்றெழுத்து’ வேண்டாம் (உரலி என்பது URL-க்கு, அதாவது இணைய முகவரிக்கு, வைத்த சொல்). உரலி என்றதும் வகுப்பில் ஒரு பையன் மாவாட்டும் சைகை காட்டுகிறான்.

இதுவரை ‘உள்மாற்று விதி’க்கு நான்கு பேர், அதில் இருவர் ‘ஏதாவது ஒன்று வையுங்கள், தூங்கப் போகிறேன்’ என்றவர்கள். அதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ரீரைட் ரூல் என்று எழுதப்போகிறேன்.

> திரிபை நான் விடுவதாக இல்லை.

தெரியும் ஐயா. கெட்டுப்போன விதிக்கு மட்டும் ‘திரிந்த விதி’ என்று வைத்துக்கொள்ளட்டுமா? நாளைக் காலைக்குள் சொல்லுங்கள்.