வயிற்றுப்பிடிப்பு மாத்திரையும் ஐபிஎஸ்ஸும்: கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்

ஈரோட்டு மருந்தாளுநர்

டைசைக்ளோமின், வயிறு இழுத்துப் பிடிச்சா போடற மாத்திரை; நேரா விஷயத்துக்கு வர்றேன். அறுபதைத் தாண்டின பெரியவர். ரொம்ப வருஷமா ஐபிஎஸ், அதாவது வயித்து வலியோட பேதியோ மலச்சிக்கலோ திரும்பத் திரும்ப வர்ற குடல் கோளாறு. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் ஓடுது. சளிக்குன்னு ஃபெனிரமின் வேற போட்டிருக்கார். வயிறு இழுத்துப் பிடிக்குதுன்னு டைசைக்ளோமின் 20 மி.கி. காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு. சாயங்காலம் மகன் பைக்ல கூட்டிட்டு வந்து, "வலி கூடத்தான் செய்யுது, இன்னொரு அட்டை கொடுங்க"ங்கிறார். பெரியவர் வண்டியை விட்டு இறங்கல. ஒரு கை சீட்டைப் பிடிச்சிருக்கு, இன்னொரு கை தொப்புளுக்கு நல்லா கீழ அழுத்திட்டு இருக்கு. அந்தக் கை இருந்த இடம்தான் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. "ஐயா, கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனீங்க?" "காலையில, கொஞ்சமா."

அது குடல் வலி இல்ல, மூத்திரப்பை நிறைஞ்ச வலி. குடல் தசையைத் தளர்த்துற மருந்து மூத்திரப்பைத் தசையையும் தளர்த்திடும், அப்புறம் அதால சுருங்கித் தள்ள முடியாது. ஃபெனிரமினும் அதே வேலையைச் செய்யும். மூத்திரம் போற வழியை ஏற்கெனவே புராஸ்டேட் நெருக்கி வச்சிருக்கு. ஆஸ்பத்திரியில ட்யூப் போட்டு மூத்திரத்தை எடுத்தப்புறம்தான் வலி நின்னுது. இன்னொரு அட்டை கொடுத்திருந்தா ராத்திரி என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

நைட் டூட்டி நர்ஸ்

அண்ணே, நீங்க சொன்னது சரி. ஆனா தலைப்பைப் பார்த்து "வயிற்றுப்பிடிப்பு மாத்திரை எதுவுமே வேண்டாம்"னு யாரும் முடிவு பண்ணிடக் கூடாது. மெபெவெரின்னு இன்னொரு பிடிப்பு மாத்திரை இருக்கு, அது நேரடியா குடல் தசையில வேலை செய்யுது. வாய் வறட்சி, மூத்திரக் கட்டு, பார்வை மங்கலெல்லாம் அதுல வர்றது அபூர்வம். டைசைக்ளோமினையும் இதையும் ஒரே கூடையில போடாதீங்க.

என்னை உறுத்துற விஷயம் வேற. மெபெவெரின் 200 மி.கி. கேப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே இருக்கிற குருணையைத் தயிர்சாதத்துல கலந்து அம்மாவுக்கு ஊட்டிட்டிருந்தாங்க ஒரு பொண்ணு. கரண்டியில வெள்ளை மணி மணியா ஒட்டியிருந்துச்சு. விழுங்க முடியலன்னு அன்பாத்தான் செஞ்சாங்க. ஆனா அது மெதுவா வெளியாகற மாதிரி செஞ்ச மருந்து, காலை ஒண்ணு மாலை ஒண்ணுன்னு முழுசா விழுங்கணும். மென்னா அந்த ஏற்பாடே கெட்டுப்போகும். விழுங்க முடியாதவங்களுக்கு வேற வடிவம் இருக்கான்னு டாக்டரைத்தான் கேக்கணும். 135 மி.கி. சாதா மாத்திரைன்னா தினம் மூணு வேளை, சாப்பாட்டுக்கு 20 நிமிஷம் முன்னாடி.

ஆலை முதலுதவி

கத்திரி வெயில். கட்டட வேலை செய்யற தம்பி, பேதியும் பிடிப்புமா இருந்ததால டைசைக்ளோமின் போட்டுட்டு சாரத்துல ஏறியிருக்கான். மயங்கினவனைத் தூக்கிட்டு வந்தாங்க. சட்டையைக் கழட்டினா முதுகு காய்ஞ்சு கிடக்குது, சுடுது. அந்த வெயில்ல, அந்த வேலையில, ஒரு பொட்டு வேர்வை இல்ல.

இந்த மருந்து வேர்வையைக் குறைக்கும். பேதியில உடம்புத் தண்ணியும் போயிருக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, விசிறிக்கிட்டே 108-க்குப் போன் பண்ணினோம். நினைவு தெளியாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க. மாத்திரை போட்ட அன்னைக்கு ஏணி, சாரம், மெஷின் வேண்டாம்; தலைச்சுத்தலும் பார்வை மங்கலும் வரும்.

பழைய மெடிக்கல்

நான் பார்த்ததைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஒரே பையில மூன்று அட்டை வைத்திருந்த அம்மா, மூன்றும் வேறு வேறு பெயர், வேறு வேறு கடையில வாங்கியது. மூன்றிலும் டைசைக்ளோமின். அவ்வளவுதான் கதை.

ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. அட்டையின் முன்பக்கப் பெயரை விடுங்கள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் கலவையைப் படியுங்கள். டைசைக்ளோமினோடு பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை ஏராளம். காய்ச்சலுக்குத் தனியாக 650 மி.கி. போடுகிறவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்ந்து நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் சரியில்லாதவருக்கு அதைவிடக் குறைவு. மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபெனாமிக் ஆசிட் 250, டைசைக்ளோமின் 10 மி.கி. மாதவிடாய் வலிக்கு வாங்கிய அட்டையை ஐபிஎஸ்ஸுக்கும் ஓட்டுகிறார்கள். மெஃபெனாமிக் ஆசிட் வலிநிவாரணி வகை; வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்து. மெஃபெனாமிக் ஆசிடால் டிரெஸ் என்ற கடும் ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. அது மாத்திரை போட்ட மறுநாள் வருவதில்லை, இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக்கூட வரும். தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டு சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

அடுத்தது குளோர்டயஸெபாக்ஸைட் 5, கிளிடினியம் 2.5 மி.கி. சேர்ந்த பிடிப்பு மாத்திரைகள். சிலவற்றில் டைசைக்ளோமினும் உண்டு. இதில் குளோர்டயஸெபாக்ஸைட் தூக்கம் தரும் மருந்து. மதுவோடு கூடாது. மாதக்கணக்கில் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பு வரை வரும். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வயதானவர்களுக்குக் குழப்பமும் தள்ளாட்டமும் வரும், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும்.

மதுரை ஃபார்ம் டி

பழைய மெடிக்கல் சார் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும்: அவசரம். டைசைக்ளோமின் ரத்தத்துல உச்சத்துக்கு வர 60 முதல் 90 நிமிஷம் ஆகும். கால் மணி நேரத்துல "கேக்கல"ன்னு இரண்டாவதைப் போடுறவங்களுக்கு, இரண்டும் சேர்ந்து ஏறும்போது நாக்கு ஒட்டி, நெஞ்சு படபடக்கும். சாப்பிட்டா வலிக்குதுன்னா, சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும். ஜெலுசில் மாதிரி அமிலமுறிவு மருந்தோட சேர்த்துக் குடிச்சா மருந்து சரியா உறிஞ்சப்படாது. இரண்டு வாரத்துல பலன் இல்லேன்னா நிறுத்திட்டு மருத்துவரைப் பாருங்க. மலச்சிக்கல் வகை ஐபிஎஸ்ஸுக்கு இது சிக்கலைக் கூட்டும்.

க்ளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய் இருக்கறவங்க கவுண்டர்ல அதைச் சொல்றதே இல்ல. கண்ணுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்கிறாங்க. மாத்திரை போட்டதும் கண் வலி, விளக்கைச் சுத்தி வளையம் தெரிஞ்சா அன்னைக்கே கண் மருத்துவர். ஆறு மாதத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்கு டைசைக்ளோமின் கூடவே கூடாது, மூச்சு நிக்கலாம். பால் கொடுக்கிற தாயும் போடக் கூடாது.

நைட் டூட்டி நர்ஸ்

@மதுரை, வயித்துப்பிடிப்புக்குப் போடற மிளகுக்கீரை (பெப்பர்மின்ட்) எண்ணெய் கேப்ஸ்யூலையும் சேர்த்துக்குங்க. "இயற்கைதானே"ன்னு மென்னு தின்னுட்டு, நெஞ்சு எரியுதுன்னு அமிலமுறிவு மருந்து குடிக்கிறாங்க. மேல் உறை குடல்ல போய்க் கரையறதுக்குப் போட்டது. அமிலமுறிவு குடிச்சா வயித்துலயே கரைஞ்சிடும், எரிச்சல் இன்னும் கூடும். இரண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 2 மணி நேரம் விடணும்.

ஆலை முதலுதவி

ஈரோட்டு அண்ணே, அந்தப் பெரியவருக்கு அப்புறம் வயித்துக்கு என்ன கொடுத்தாங்க?

ஈரோட்டு மருந்தாளுநர்

மருத்துவர் மெபெவெரின் 135 எழுதினார். சளி மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அதோட மலத்துல ரத்தம் இருக்கா, எடை குறையுதா, ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புதான்னு மூணையும் கேட்டார். அந்த வயசுல வலி புதுசா ஆரம்பிச்சாலோ, இதுல ஒண்ணு இருந்தாலோ ஐபிஎஸ்னு எழுதறதுக்கு முன்னாடி பெருங்குடலை உள்நோக்கிக் கருவியில பார்க்கணும். மகன் இப்ப எல்லா மருந்துப் பேரையும் ஒரு அட்டையில எழுதி அப்பா சட்டைப்பையில வச்சிருக்கார், மேல சிவப்பு மையில "புராஸ்டேட்"னு போட்டு.